எந்த மூட்டுக்கு எந்தப் பசை?

செக் நாட்டு எட்வார்ட் நிறுவனத்தின் 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் கோத்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உதிரிகள் முதலில் கண்ணில் படும். அடியில் தனி உறையில் விமானி அறையின் கண்ணாடிக் கூண்டுகள். இன்னொரு உறையில், வண்ணம் அச்சிட்டு வந்த மெல்லிய பித்தளைத் தகட்டில் இருக்கை வார்களும் கருவிப் பலகையும். ஆர்வம் உள்ளவர் தனியாக ரெசின் சக்கரங்களையும் வாங்கி வைத்திருப்பார். ஒரு சாண் அளவு விமானம் ஒன்றில் நான்கு வகைப் பொருள்கள் சேர வேண்டும்.

இந்த நான்கையும் ஒரே பசையால் முடித்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது சயனோஅக்ரிலேட்டை. நம் ஊரில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். அது எல்லாவற்றையும் ஏதோ ஒரு விதத்தில் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே அதை எல்லா இடத்திலும் வைத்துவிடுகிறோம். புகை படிந்த கண்ணாடியும், விரல் பட்டதும் தெறித்து விழும் பித்தளைத் துண்டும், ஒரு டிகிரி கோணலாகவே உறைந்துவிட்ட சக்கரமும் அப்படி வருபவைதான்.

பசை வாங்கும்போது வலிமையை முதலில் பார்க்காதீர்கள். மூட்டைப் பாருங்கள். ஒட்ட வேண்டிய இரண்டு முகங்களும் என்ன பொருள்? முடிந்த பிறகு அந்த மூட்டின் மேல் எவ்வளவு பாரம் விழும்? ஒட்டும்போது நகர்த்திச் சரிசெய்ய எவ்வளவு நேரம் வேண்டும்? பல மூட்டுகளுக்கு விடை வலிமை குறைந்த பசையாகத்தான் இருக்கும். பாரமே தாங்காத கண்ணாடிக் கூண்டுக்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும். அது போதும் என்பதோடு, அதைவிட நல்லது வேறு இல்லை.

பொருளை அறிதல்

ஜப்பானிய கிட்களில் சட்டத்தின் ஓரத்திலேயே பி.எஸ்., ஏ.பி.எஸ்., பி.இ. என்று ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன், பி.இ. என்றால் பாலிஎதிலீன். பண்டாய் ரோபோ கிட்களில் இந்த மூன்றும் ஒரே பெட்டியில் வருவதுண்டு என்பதால் எழுத்தைப் பார்க்காமல் பசையைத் திறக்க வேண்டாம்.

எழுத்து இல்லையா? சட்டத்திலிருந்து சிறு துண்டை வெட்டி ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, குமிழி ஒட்டாமல் அமுக்கிவிடுங்கள். மிதந்தால் அது பாலிஎதிலீன் குடும்பம். சாதாரணப் பசைகள் எதுவும் அதில் நிற்காது. மூழ்கினால் வெளியே எடுத்துத் துடைத்து, நீர்த்த பிளாஸ்டிக் சிமெண்ட் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்துக் கத்தி முனையால் கீறுங்கள். பரப்பு இளகி இழுபட்டால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். கல்லாக இருந்தால் ரெசின்.

பாலிஸ்டைரீன்: பசை இல்லாத மூட்டு

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்தில் நாம் பயன்படுத்தும் சிமெண்ட் உண்மையில் ஒரு கரைப்பான். தமியா எக்ஸ்ட்ரா தின் என்ற பச்சை மூடிக் குப்பியில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டு முகங்களின் மேல்பரப்பும் கரைந்து, பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலக்கின்றன. கரைப்பான் ஆவியானதும் அங்கே மிஞ்சுவது பாலிஸ்டைரீன் மட்டும்தான். வேறு எந்தப் பசையும் இந்த மூட்டுக்கு ஈடாகாது.

முறை எளிது. உதிரிகளை உலர்ந்த நிலையில் பொருத்திப் பிடித்து, மூடியில் உள்ள தூரிகையை இடைவெளியின் ஓரத்தில் தொட்டால் போதும்; திரவம் தானாகவே இடுக்கு நெடுக ஓடிவிடும். உங்கள் விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடி, ரேகையை அப்படியே பதித்துவிடும். எனவே விரலை இடுக்கிலிருந்து தள்ளி வையுங்கள். இறக்கை போன்ற அகலமான பரப்புகளுக்கு இந்த நீர்த்த வகை சீக்கிரம் ஆவியாகிவிடும். ஊசிமுனைக் குப்பியில் வரும் கெட்டியான ரெவெல் கான்டாக்டா போன்றது அங்கே ஏற்றது. ஆரஞ்சுத் தோல் மணம் வீசும் லிமோனீன் சிமெண்ட்டும் உண்டு. மெதுவாக வேலை செய்யும், மூக்கை உறுத்தாது. குழந்தைகளோடு சேர்ந்து செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

இரண்டு எச்சரிக்கைகள். வண்ணம் பூசிய முகத்தில் கரைப்பான் பிளாஸ்டிக்கை எட்டாது. ஒட்டும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். அடுத்தது, ஒட்டிய இடத்தை அன்றே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். இன்று தேய்த்து மழமழவென்று ஆக்கிய தையல், அது முழுதாக வெளியேறியபின் பள்ளமாகத் தெரியும். ஒரு நாள் முழுதாக விடுங்கள்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு அதற்கென்றே தனிச் சிமெண்ட் விற்கிறார்கள். அதை வாங்குங்கள்.

பித்தளைத் தகடும் சயனோஅக்ரிலேட்டும்

பித்தளையைக் கரைப்பான் தொடாது. இங்கேதான் சயனோஅக்ரிலேட் உண்மையில் தேவைப்படுகிறது. 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்து வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிபார்ப்பான்களுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தச் சேர்மத்தைச் சந்தித்தார். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார். 1951இல், ஜெட் விமானக் கூண்டுகளுக்கு வெப்பம் தாங்கும் பாலிமர்களை ஆராய்ந்தபோது, அவருடைய சக ஆய்வாளர் ஃபிரெட் ஜாய்னர் ஒளிவிலகல்மானியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதன் படலத்தை வைத்தார். பட்டகங்கள் பிரியவே இல்லை. 1958இல் அது ஈஸ்ட்மேன் 910 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

இது உலர்ந்து ஒட்டும் பசை அல்ல. காற்றிலும் பரப்பிலும் உள்ள துளி ஈரமே இதை இறுகத் தூண்டுகிறது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். ஒன்று, படலம் மெல்லியதாக இருந்தால்தான் முழுதாக இறுகும். தாராளமாக விட்டால் நடுவில் ஈரமாகவே கிடக்கும். இரண்டு, சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், காற்றே நனைந்திருக்கும் நாட்களில், குப்பியில் எழுதியிருப்பதைவிட வேகமாகப் பிடிக்கும். மூன்று, இறுகாமல் ஆவியாகும் பகுதி, பக்கத்துப் பரப்பில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து வெண்பொடியாகப் படியும். கண்ணாடி மங்குவதற்கு அதுவே காரணம்.

குப்பியிலிருந்து நேராகச் சொட்டு விடாதீர்கள். பீங்கான் ஓட்டின் மேலோ அலுமினியத் தாளின் மேலோ ஒரு சொட்டு விட்டு, அதிலிருந்து தொட்டு எடுங்கள். தொட்டு எடுக்க ஒரு நல்ல கருவி: தையல் ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் சிறு கவை கிடைக்கும். அந்தக் கவைக்குள் கடுகளவுக்கும் குறைவான துளி நிற்கும். மூட்டைத் தொட்டதும் இறங்கிவிடும். அளவைக் கட்டுப்படுத்த நூறு ரூபாய்க் கருவியைவிட இது மேல். ஊசியில் படிந்தது கெட்டியானால் தீபத்தில் ஒரு நொடி காட்டி எரித்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், புகை கண்ணைக் கரிக்கும்.

தகட்டின் ஒட்டும் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை உரசி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். பித்தளையின் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் எந்தப் பசையும் நிற்காது. வண்ணம் அச்சிட்டு வந்த தகடானால் பின்பக்கத்தை மட்டும் உரசுங்கள். முகப்பில் ஸ்பிரிட் படக் கூடாது.

இருக்கை வார்களை இப்படி ஒட்டுகிறேன்: மேல் முனையில் மட்டும் சயனோஅக்ரிலேட் ஒரு புள்ளி. மீதி நீளத்துக்கு நீர்த்த வெள்ளைப் பசை. வார் தோள்மேலிருந்து இருக்கையில் விழும் வளைவை, பசை காயும் முன் குச்சியால் அழுத்தி அழுத்திச் சரிசெய்யலாம். முழுக்க சயனோஅக்ரிலேட் என்ற விரைவுப் பசையில் ஒட்டினால், முதல் தொடுதலில் எப்படி விழுந்ததோ அப்படியே நின்றுவிடும். கருவிப் பலகை இரண்டு தகடுகளாக வரும்: பின்னால் முள்வட்டங்கள் அச்சிட்ட தகடு, முன்னால் துளையிட்ட தகடு. இவற்றுக்கு நடுவே விரைவுப் பசை வைத்தால் துளை வழியே வழிந்து முள்வட்டங்களை மூடிவிடும். பளபளப்பு வார்னிஷ் ஒரு துளியே அங்கே பசை. அது இரண்டு தகட்டையும் பிடித்துக்கொள்வதோடு துளைக்குள் கண்ணாடி போட்டதுபோல் மினுங்கும்.

நீளமான பித்தளைக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கப்பல் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சூட்டில் பாலிஸ்டைரீன் பித்தளையைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம் விரியும். 1/350 அளவில் பிஸ்மார்க் போர்க்கப்பல் 70 செ.மீ.க்கு மேல் நீளம். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து, மே மாத வெயிலில் காரில் வைத்து எடுத்துச் சென்றால் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அந்த நீளத்தில் உடலுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டர் வரை விலகல் வரும். இறுகிய சயனோஅக்ரிலேட் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையது. கம்பி அலையலையாய் நெளியும், அல்லது படபடவென்று கழன்று வரும். எனவே கைப்பிடிக் கம்பியை 8, 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, தூண்கள் உள்ள இடத்தில் இணைப்பு விழுமாறு வையுங்கள். ஒட்டுவதற்கு நெகிழ்ச்சி உள்ள அக்ரிலிக் பசையோ, ரப்பர் கலந்த கருநிற சயனோஅக்ரிலேட்டோ எடுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு அதன் சொந்த எடையைத் தவிர வேறு பாரம் இல்லையே!

தப்பாக ஒட்டியதைப் பிரிக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேடாதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் பசையைக் கரைக்கும் முன்பே பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மாடலைப் பையில் போட்டுக் கட்டி, ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை இன்னும் நொறுங்கும் பதத்துக்கு வரும். கத்தி முனையை மூட்டில் கொடுத்து லேசாகத் திருகினால் பெரும்பாலும் சுத்தமாகப் பிரியும்.

இடைவெளிகளை அடைக்க, சயனோஅக்ரிலேட்டின் மேல் ஆப்ப சோடா தூவும் வழக்கம் உண்டு. காரத்தன்மை பட்டதும் நொடியில் கெட்டியாகும். பயனுள்ள வழிதான். ஆனால் கெட்டியானதும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். சில நிமிடங்களுக்குள் தேய்த்து முடித்துவிடுங்கள். மறுநாள் தேய்த்தால் பிளாஸ்டிக் குழியும், அடைப்பு மேடாக நிற்கும்.

கண்ணாடி உதிரிகள்

கூண்டுக்கு வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ. கடைகளில் ஃபெவிகால் என்று கிடைப்பது இந்த இனம். மாடல் கட்டுவோருக்கென்று மைக்ரோஸ்கேல் கிரிஸ்டல் கிளியர் போன்றவையும் விற்கின்றன, தெளிவு கூடுதல். குச்சி நுனியால் விளிம்பில் மெல்லிய கோடாக இழுத்து, கூண்டை வைத்து அழுத்தி, வெளியே பிதுங்கியதை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் தெரியாது. ஆறு மாதம் கழித்து உள்ளே தூசி புகுந்துவிட்டால் விளிம்பை நனைத்துக் கழற்றி, துடைத்து, மறுபடி ஒட்டலாம். இப்படித் திரும்பப் பெறக்கூடிய மூட்டு என்பது பெரிய சௌகரியம்.

சிறிய வட்டச் சன்னல்களுக்கு இதே பசையைக் குச்சியில் எடுத்து துளையின் ஓரத்தைச் சுற்றி வந்தால் குறுக்கே படலம் விழும். காய்ந்ததும் அதுவே கண்ணாடி.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயரின் முன் கண்ணாடி, உடலோடு தையல் தெரியாமல் சேர வேண்டிய உதிரி. அங்கே வெள்ளைப் பசை வைத்தால் தேய்க்கும்போது கழன்றுவிடும். நீர்த்த சிமெண்ட்டைத் தூரிகையிலிருந்து நன்றாக வழித்துவிட்டு, அடிவிளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தொடுங்கள். அதிகமானால் கண்ணாடிக்குள் ஏறி நிரந்தரமாகக் கறையாகும். பின்னால் திறந்து நிற்கும் கூண்டுக்கு வெள்ளைப் பசைதான்.

விரைவுப் பசையை உடலுக்குள் எங்கு பயன்படுத்தியிருந்தாலும், கூண்டை மூடும் முன் ஒரு நாளாவது காற்றாட விடுங்கள். மூடிய இடத்தில் சிறைப்படும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படிந்தால் துடைக்க வழியே இல்லை.

ரெசினும் எபாக்ஸியும்

ரெசின் உதிரிகள் அச்சிலிருந்து எளிதில் கழல ஒரு பிசுக்கு தடவப்பட்டிருக்கும். பாத்திரம் துலக்கும் திரவமும் பழைய பல் துலக்கியும் கொண்டு வெதுவெதுப்பான நீரில் கழுவாமல் எதையும் ஒட்டாதீர்கள். தேய்ப்பதை ஈர உப்புத்தாளால் செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

சிறு துண்டுகளுக்கு சயனோஅக்ரிலேட் சரி. சக்கரங்களுக்கு இரண்டு குழாய் எபாக்ஸியையே பரிந்துரைப்பேன். நம் கடைகளில் அரால்டைட் எல்லோருக்கும் தெரியும். ரெசின் சக்கரங்கள் பலவற்றின் அடிப்பகுதி, எடை தாங்கி அமுங்கியதுபோல் தட்டையாக வார்க்கப்பட்டிருக்கும். இடது, வலது இரண்டு தட்டைகளும் ஒரே தளத்தில் தரையைத் தொட வேண்டும். ஐந்து நிமிட எபாக்ஸியை அச்சில் தடவி, சக்கரங்களை மாட்டி, விமானத்தைத் தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தினால், அதன் எடையிலேயே சக்கரங்கள் திரும்பித் தங்கள் நிலைக்கு வரும். கடைசித் திருத்தத்துக்கும் நேரம் இருக்கும். விரைவுப் பசை இந்த வாய்ப்பைத் தராது.

சம அளவில் எடுங்கள். கண்மதிப்பில் கொஞ்சம் கூடக் குறைய எடுத்தால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரு நிமிடம் முழுதாக, ஓரங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். வெயில் காலத்தில் ஐந்து நிமிடம் என்பது மூன்றாகக் குறைவதை எதிர்பார்த்து, உதிரிகளை முதலில் பொருத்திப் பார்த்துவிட்டுக் கலக்கத் தொடங்குங்கள். பிதுங்கியதை இறுகும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். வெறும் பாலிஸ்டைரீனை அது பாதிக்காது. கையுறை அவசியம். எபாக்ஸி ஒவ்வாமை மெதுவாக வளரும். ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒளியால் இறுக்கிய ரெசின் உதிரிகளும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றையும் இதே விதத்தில் நடத்தலாம். பிசுபிசுப்பாக வந்து சேர்ந்தால் ஆல்கஹாலில் கழுவி வெயிலில் காட்டி முழுதாக இறுக்கிய பிறகே ஒட்டுங்கள்.

வெள்ளீயக் கலவையில் வார்த்த தரையிறங்கு கால்கள், பீரங்கிகள் போன்ற எடை கூடிய உதிரிகளை எந்தப் பசையையும் நம்பி ஒட்டாதீர்கள். இரண்டு முகங்களிலும் அரை மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி, அதன்மேல் எபாக்ஸி வையுங்கள். பாரத்தைக் கம்பி தாங்கும். பசைக்கு அதைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்.

மரத் தளமும் மற்றவையும்

கப்பல் கிட்களுக்கு, பின்புறம் பசை தடவிய மெல்லிய மரத் தளங்கள் கிடைக்கின்றன. அடியில் உள்ள பிளாஸ்டிக்கின் மேல் மழமழப்பான வார்னிஷ் பூசிக் காயவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். பசை இல்லாத தளமானால் வெள்ளைப் பசையை நீர்க்கக் கரைத்துப் பூசும் ஆசை வரும். தண்ணீர் பட்டதும் மரம் உப்பிச் சுருளும். கெட்டியாக, மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே எடை வையுங்கள். வெள்ளைப் பசை காய, அதிலுள்ள நீர் எங்காவது வெளியேற வேண்டும். மரம் அதை உறிஞ்சிக்கொள்வதால் இங்கே வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் உலோகமோ பிளாஸ்டிக்கோ ஆன அகலப் பரப்பில் அதை வைத்தால் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

செருப்புக்கும் மைக்காவுக்கும் போடும் ரப்பர் பசைகளை இந்த மேசைப் பக்கம் கொண்டுவர வேண்டாம். அவற்றில் உள்ள கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கூழாக்கும்.

பழைய கிட்களின் மிருதுவான வினைல் டயர்களை ஒட்டவே தேவையில்லை. ஆனால் அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற நெகிழ்த்தி, காலப்போக்கில் பாலிஸ்டைரீன் சக்கரத்தை உருக்கும். சக்கரத்தின் ஓரத்தில் மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள். மிதக்கும் பாலிஎதிலீனில் செய்த 1/72 சிப்பாய்களின் கையை மாற்ற நினைத்தால் கம்பி செருகுவதே வழி. அல்லது அந்தப் பிளாஸ்டிக்குக்கென்று முதலில் தடவும் பிரைமரோடு வரும் சயனோஅக்ரிலேட்டை வாங்க வேண்டும்.

வைத்துக்கொள்ளும் விதம்

திறக்காத சயனோஅக்ரிலேட் குப்பிகள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வெளியே எடுத்தால், அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள். சில்லென்ற குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிந்து பசை கெட்டுவிடும். திறந்ததைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம்.

பருத்தித் துணியாலோ பஞ்சாலோ சிந்திய சயனோஅக்ரிலேட்டைத் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்து வேகமாகச் சூடேறி, தோலைச் சுடும் அளவுக்குப் போகும். பிளாஸ்டிக் தாளால் வழித்து எடுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

மேசை மின்விசிறியை உங்கள் முதுகுப் பக்கமிருந்து ஜன்னலை நோக்கி, குறைந்த வேகத்தில் திருப்பி வையுங்கள். ஆவி முகத்துக்கு வராது. காற்று ஓடும் இடத்தில் வெண்பொடி படிவதும் குறையும். தகட்டிலிருந்து வெட்டும் நேரத்தில் மட்டும் விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று மில்லிமீட்டர் வார்க் கொக்கியைத் தரையில் தேட வேண்டியிருக்கும்.